கீரைய நிப்பாட்ட வேணாமெண்டு மச்சாளுக்குச் சொல்லு

கல்லடி
வெள்ளிக்கிழமை பின்னேரம்

என்ட புள்ள,

சுகமா இரிக்கயா. உன்ட வொய்ஸ் மெசேஜ ரெண்டு தரம் போட்டுக் கேட்டன். டொரன்டோவில உன்ட அண்ணனுக்கும், என்ட மனிசனுக்கு வச்ச மாதிரியே, இதயத்துக்கு உதவுற ஹார்ட் பம்ப் வச்சு வீட்ட வந்து ரெண்டு கிழமை எண்டதக் கேட்டு நெஞ்சு பதறித்தான் போச்சு, எண்டாலும் வீட்ட வந்திட்டாரே, அது பெரிய ஆறுதல்கா. ஃபோன்ல பேசினா அரவாசி மறந்திருவன், அதால எழுதுறன்.

மச்சாள் பயத்தில கீரைய அடியோட நிப்பாட்டிட்டா எண்டயல்லா, அத முதல் சொல்லிடுறன். நிப்பாட்ட வேணாம். நான் அந்தப் பிழைய விட்டுத்தான் இவரப் படுத்தி எடுத்த.

சென்னையில ஒபரேசன் முடிஞ்சு நாங்க வந்திறங்கின நேரம் இவர்ட அக்கா ஆரையம்பதியில இருந்து ஒவ்வொரு நாளும் சுண்டலோட வந்திருவா, ஒரு நாள் முருங்கை இலை, ஒரு நாள் பொன்னாங்காணி, மறுகா வல்லாரை, தேங்காப்பூ நிறையப் போட்டு. தம்பிக்கு ரத்தம் ஊறட்டும் எண்டு வெயிலுக்குள்ள பஸ்ஸில வாற மனுசி, அத எப்படிகா வேணாமெண்டு சொல்ற. பத்து நாளால ஐஎன்ஆர் பாத்தா 1.5. ரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்குது எண்டு பாக்கிற கணக்கு அது, குறைஞ்சா ரத்தம் கெதியா உறையும், கூடினா ரத்தம் ஒழுகினா லேசில நிக்காது. இவருக்கு 2க்கும் 3க்கும் நடுவில நிக்கோணும். கீரையில இருக்கிற வைட்டமின் கே ரத்தத்த உறைய வைக்கிற சாமான், ரத்தம் உறையாம இருக்கத் தாற வோர்ஃபரின் குளிசை அதுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், கீரை கூடினா குளிசை தோத்துப் போகும், பம்ப்புக்குள்ள ரத்தம் கட்டியாகிச்செண்டா பம்ப்பும் நிக்கலாம் மூளைக்கும் போகலாம். ஊசியும் போட்டு குளிசையயும் கூட்டி விட்டாங்க. நான் என்ன செஞ்சன், பயந்து போய் வீட்டுக்குள்ள ஒரு இலை வராமப் பாத்துக்கிட்டன். ரெண்டு கிழமை. ஒரு நாள் விடிய முகம் கழுவப் போன மனிசன் கூப்பிடுறார், போய்ப் பாக்கன் மூக்கால ரத்தம் ஒழுகுது, பேசின் முழுக்கச் சிவப்பு, சாரத்திலயும் ஊத்துண்டு கிடக்கு, அமத்திப் பிடிச்சும் நிக்குதில்ல. ஐஎன்ஆர் 4க்கு மேல போயிருந்த.

அப்பதான் டொக்டர் இருத்தி வச்சுச் சொன்னார், நீங்க சாப்பாட்ட ஒரே அளவில வச்சிருங்க, குளிசைய நான் அதுக்கு ஏத்த மாதிரி வைக்கிறன் எண்டு. அண்டையில இருந்து ஒரே கோப்பைதான் அளவு, சுண்டின கீரை அரைக் கோப்பை, திங்களெண்டாலும் அவ்வளவுதான் பொங்கலெண்டாலும் அவ்வளவுதான். அக்கா இப்பவும் வாறா, கொண்டாறத நான் பங்கு வச்சுக் குடுப்பன். இப்ப ஐஎன்ஆர் பெரிசா ஆடுறதில்ல. அதால மச்சாள் அங்கத்தக் கிளினிக்ல முதல் சொல்லோணும், இவ்வளவு நாளும் கீரை நிப்பாட்டி இரிக்கன், இனி இவ்வளவு குடுக்கப் போறன் எண்டு. சொல்லாமக் கொள்ளாம திடீரெண்டு குடுத்தா மறுபடியும் எனக்கு நடந்ததுதான் நடக்கும். ஆரும் கசாயம், மூலிகைத் தூள் எண்டு தந்தாலும் கேட்டுப்போட்டுத்தான்.

உப்புத்தான் பெரிய கஷ்டம் புள்ள. பம்ப் இடது பக்க இதயத்துக்குத்தான் உதவி செய்யிற, வலது பக்கம் அவர்ட சொந்தப் பலத்திலதான் ஓடுது. உப்புக் கூடினா உடம்பு தண்ணிய வச்சுக்கொள்ளும், அந்தச் சுமைய வலது பக்கம் தாங்காது, கால் வீங்கிரும். எங்களுக்குச் சொன்ன கணக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியம். ஒரு தேக்கரண்டி உப்பில மட்டும் 2300 இரிக்கு, அப்ப நாள் முழுக்க ஒரு தேக்கரண்டி உப்பே கூட. பாண், சூப் கட்டி, மாசி, அப்பளம், ஊறுகாய் எல்லாத்திலயும் ஒளிஞ்சு கிடக்கு. கருவாட்ட மூணு தண்ணியில ஊறப் போட்டுக் குடுக்கலாமா எண்டு கேட்டன், அதுவும் வேணாமெண்டிட்டாங்க. கருவாட்டு மணம் வந்தாலே இவர் எழும்பி வாசலுக்குப் போயிருவார். அந்த முகத்தப் பாக்க ஏலாம இப்ப நானும் சமைக்கிறதில்ல.

பிட்டுக்கு மாக் குழைக்கக்குள்ள உப்புத் தண்ணிய விட்டிட்டன், பச்சத் தண்ணியத்தான் கொதிக்க வச்சு ஊத்துற. முதல் கிழமை மண்ணத் திண்ட மாதிரி இரிக்கு எண்டார். மறுகா தேங்காப்பூவ அப்பவே துருவி ரெண்டு மடங்கு போட்டு, வாவியில பிடிச்ச மீன பழப்புளி, மிளகு, சின்ன வெங்காயம் கூட்டி நல்லா உறைப்பா வத்த வச்சுக் குடுத்தன், அடுப்பால இறக்கினதும் ரெண்டு துளி தேசிக்காய். ஒண்டும் பேசாம முழுக்கத் திண்டார். நாக்குப் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும் எண்டு அண்ணனுக்குச் சொல்லு, ரெண்டு மாசத்தால இவருக்கே கடைக் கறி கசக்கத் தொடங்கிட்டு. கடையில விக்கிற உப்புக்குப் பதில் உப்ப மட்டும் வாங்க வேணாம், அதில பொட்டாசியம், அண்ணன் எடுக்கிற குளிசையோட சேந்தா கூடிப் போகலாம். இவருக்கு இளநியும் அளவாத்தான், அதே காரணம்.

தண்ணிக்கு ரெண்டு போத்தல், ஒவ்வொண்டும் ஒரு லீட்டர், விடிய நிரப்பி மேசையில வைப்பன். தேத்தண்ணி, சொதி, கஞ்சி என்ன குடுத்தாலும் அந்தளவுக்குப் போத்தல்ல இருந்து ஊத்திருவன், அப்ப சண்டை இல்ல, கண்ணால பாக்கிறார்தானே. ஆனா குறைஞ்சாலும் பிழைதான். ஆடி அமாவாசை விரதமெண்டு எனக்கும் சொல்லாம பச்சத் தண்ணி குடிக்காம இருந்திட்டார், சரியான வெக்கை, பின்னேரம் பம்ப்பின்ட அலாரம் அடிக்குது. இதயத்துக்கு வாற ரத்தத்தத்தான் பம்ப் தள்ளும், உடம்பில தண்ணி இல்லாட்டி அது எதத் தள்ளுற. விரதம் இனி இல்லையெண்டு அண்டைக்கே முடிவு. அண்ணனுக்கு வயித்தால போனாலோ சத்தி எடுத்தாலோ பாத்துக்கொண்டு இருக்க வேணாம், உடனே கிளினிக்குக்கு அடிக்கச் சொல்லு. விடிய எழும்பின கையோட நிறை பாத்துக் கொப்பியில எழுதச் சொல்லு, ஒரு நாளால ஒரு கிலோவுக்கு மேல ஏறினா அது சோறில்ல, தண்ணி.

அண்ணனுக்குச் சோறு இறங்குதில்ல எண்டயே, இவருக்கும் அப்படித்தான், நாலு வாயோட வயிறு நிரம்பிரும். சின்னச் சின்னனா ஆறு நேரம் குடுத்தன். மீன், முட்டை, பருப்பு கட்டாயம் வேணும், வயித்தில பம்ப்பின்ட வயர் வெளிய வாற இடம் ஆறோணுமெண்டா புரதம் இல்லாம ஏலா. தயிருக்குச் சீனி குறைச்சுக் குடுக்கிறன், எருமத்தயிர் எண்டா இவருக்கு உசிர்.

அண்ணன்ட ஐஎன்ஆர் கொப்பியில எத்தினையில இருந்து எத்தின வரைக்கும் எழுதிக் கிடக்கு எண்டு பாத்துச் சொல்லு, ஆளுக்காள் மாறுமாம். மச்சாள எனக்கு எந்த நேரமெண்டாலும் எடுக்கச் சொல்லு, இஞ்ச நடுச்சாமமா இருந்தாலும் பரவாயில்ல, அவ தனியக் கிடந்து யோசிக்க வேணாம்.

இவர் தேத்தண்ணி கேக்கிறார். ரெண்டாவது போத்தல்ல கால்வாசி கிடக்கு, அரைக் கோப்பை ஊத்தலாம்.

உன்ட சிநேகிதி