சிறை உத்தியோகத்தர் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

திருகோணமலையில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான், விளக்கமறியலில் உள்ளவர்களின் குடும்பத்தாரோடு பேசிப் பழகியவள் என்ற முறையில், உங்கள் பயிற்சியில் ஒரு பாடத்தை முழுமையாகச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ நடத்திய சிறைப் பரிசோதனையை உளவியல் படித்த எவரும் அறிவர். நாளொன்றுக்கு 15 டொலர் கொடுப்பனவுக்குத் தெரிவான இளைஞர்கள், காவலர் என்றும் கைதி என்றும் குருட்டாம்போக்கில் பிரிக்கப்பட்டு, கட்டடமொன்றின் நிலவறையில் அமைத்த போலிச் சிறையில் விடப்பட்டார்கள். கைதிகளுக்குப் பெயருக்குப் பதிலாக இலக்கம். காவலர்களுக்கு, எதிரில் நிற்பவருக்குத் தங்கள் கண் தெரியாத மூக்குக்கண்ணாடி. காவலர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தத் தொடங்கியதால், இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டதை ஆறே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. சீருடையைக் கொடுத்தால் எவரும் கொடியவராவார் என்ற முடிவே அதிலிருந்து உலகெங்கும் பரவியது.

ஆனால், சிறை மேற்பார்வையாளராக அங்கே நடித்த மாணவர், ஒதுங்கி நின்ற காவலர் ஒருவரை அழைத்து, ஒவ்வொரு காவலரும் கடுமையானவராக இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தும் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. காப்பக ஆவணங்களை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ தெக்சியே, காவலர்களுக்கு முன்கூட்டியே அறிவுறுத்தல் வழங்கப்பட்டதை 2019இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அவ்வளவு தூண்டிய பிறகும், சிம்பார்டோவின் கணிப்பின்படியே கொடூரமாக நடந்தவர்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்தான். 2002இல் பிபிசி ஒளிபரப்பிய உளவியலாளர்கள் ஹாஸ்லம், ரைக்கர் ஆகியோரின் இதேபோன்ற சிறை ஆய்விலோ காவலர்கள் அதிகாரத்தைக் கையாளவே தயங்கினார்கள். கைதிகள் ஒன்றுசேர்ந்து அந்த ஏற்பாட்டையே கவிழ்த்தார்கள். ஆகவே சீருடை மட்டும் கொடுமையைப் பிறப்பிப்பதில்லை என்பதும், மேலிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் என் உறுதியான கருத்து.

மகன் விளக்கமறியலில் இருக்கும் தாயொருவர் என்னிடம் சொன்னதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். எந்தச் சிறை என்பது இங்கு தேவையில்லை. அங்கே ஒரு காவலர் அவருடைய மகனை இலக்கத்தைச் சொல்லி அதட்டுவார். இன்னொருவர், "தம்பி, அம்மா வந்திருக்கிறா" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இருவருக்கும் ஒரே சீருடை, ஒரே வாசல். நெரிசலும் ஆட்பற்றாக்குறையும் இருவரையும் ஒரே மாதிரித்தான் வாட்டுகின்றன. அந்த இரண்டாமவர் எப்படி அப்படி நடக்கிறார், அவருடைய மேலதிகாரி அதை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறார் என்று நீங்கள் விசாரித்தறிந்தால், எந்தப் பாடநூலிலும் கிடைக்காதது உங்கள் பயிற்சிக்குக் கிடைக்கும்.

ஸ்டான்ஃபோர்ட் பரிசோதனையைக் கற்பிக்கும்போது அந்த ஒலிப்பதிவையும் சேர்த்தே கற்பியுங்கள். அங்கே நேரில் வந்து பார்த்துக் கடுமையாக எதிர்த்துப் பேசிய இளம் உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக்கையும் அறிமுகப்படுத்துங்கள். அவருடைய எதிர்ப்பே அது நிறுத்தப்பட முக்கிய காரணமாயிற்று. கைதியைத் துன்புறுத்தும்படி வரும் கட்டளையைக் கீழ்நிலைக் காவலர் ஒருவர் எப்படி மறுக்கலாம், மறுத்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு, யாரிடம் எழுத்தில் முறையிடலாம் என்பவற்றைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உளவளத்துணையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை