புத்தகப் பெட்டி கட்ட முதல்

திருகோணமலை

அன்பு மச்சான்,

எங்கட வாசிகசாலைப் பிள்ளையள் வெப் டிசைன் பழக நீ கொண்டு வரப்போற புத்தகங்களின்ர பட்டியல் கிடைச்சுது. கடைக்கு ஓடிப் போயிடாத, இதை முழுக்க வாசிச்சிட்டுப் போ. வாங்கின பிறகு திருப்பிக் குடுக்க ஏலாதாம் எண்டு அழாத. கன்னியாவுக்குப் போன சைக்கிள் கதையை நானும் மறக்கேல்லை, நெட்டையனும் மறக்கேல்லை.

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. கச்சான் காத்து தொடங்கிட்டுது, மத்தியானத்தில வெளியில தலை காட்ட ஏலாது. மிச்சத்தை நீ வந்தாப்போல கதைப்பம்.

இப்ப அவசரமா எழுதுறதுக்குக் காரணம் மருமகள். ஏ.எல். முடிச்ச கையோட வெப் டிசைன் பழகப் போறன் எண்டு நிண்டவள், உனக்குத் தெரியும்தானே. ஆரோ குடுத்த பழைய புத்தகம் ஒண்டை வச்சுத் தானே பழகி, உப்புவெளி மாமியின்ர கெஸ்ட் ஹவுசுக்கு ஒரு வெப்சைட் செய்து முடிச்சவள். கொம்பியூட்டரில பார்க்க நல்ல வடிவு. கடற்கரை, புறாமலைக்குப் போற வள்ளம், அறைகளின்ர படம் எல்லாம் அந்தந்த இடத்தில ஒழுங்கா இருந்துது. போன கிழமை ஒரு வெள்ளைக்காரச் சோடி மாமியின்ர வாசலில நிண்டுகொண்டு போனில அதைத் திறந்தவை. எழுத்து வாசிக்க ஏலாத அளவுக்குச் சின்னன். விரலால இழுத்துப் பெருப்பிச்சு, அங்கால இஞ்சால தள்ளி, வாடகை எவ்வளவெண்டு தேடிக் களைச்சு, கடைசியில மாமியிட்டயே கேட்டுட்டினம். பிள்ளை பக்கத்தில நிண்டவள். ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்கு மூடி வச்ச புத்தகத்தை இன்னும் திறக்கேல்லை. எனக்கு இது சரிவராது மாமா எண்டுறாள்.

நான் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தன் மச்சான். பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்துது. பக்கத்தைப் பிரிக்கிறதுக்கு டேபிள், அதாவது அட்டவணைக் கட்டம், போடச் சொல்லுது. அசையிற படத்துக்கு ஃபிளாஷ் பழகச் சொல்லுது. ஃபிளாஷை அடோபி கொம்பனி 2020 கடைசியோட நிப்பாட்டிப்போட்டுது! போனைப் பற்றி ஒரு வசனம் இல்லை. அந்தப் புத்தகம் சொன்னதைப் பிள்ளை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். மெட்டா வியூபோர்ட் எண்டு ஒற்றை வரி ஒண்டு இருக்கு. அது இல்லாட்டி போன் அந்தப் பக்கத்தைப் பெரிய திரைக்குச் செய்ததெண்டு எடுத்து, 980 பிக்ஸல் அகலத்தில வரைஞ்சு, பிறகு தன்ர சின்னத் திரைக்குள்ள சுருக்கிக் காட்டும். அந்த வரியை அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. ஈதன் மார்க்கோட் எண்டவர் ரெஸ்பொன்சிவ் வெப் டிசைன், அதாவது திரையின்ர அளவுக்கேற்பப் பக்கம் தானா மாறுற முறை, பற்றிக் கட்டுரை எழுதினது 2010இல. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எங்கட பிள்ளையளின்ர கைக்கு அதுக்கு முந்தின புத்தகம் வருது, அதால பிள்ளை தன்ர மூளையைச் சந்தேகப்படுது. இதைத்தான் என்னால பொறுக்க ஏலாமல் கிடக்கு.

அதால உன்ர பட்டியலில கை வைக்கிறன், கோவிக்காத. வாசிகசாலையில இப்ப நாலு பழைய கொம்பியூட்டர் இருக்கு, சனிக்கிழமையில பிள்ளையள் வருகினம். நீ கொண்டு வாற 23 கிலோப் பெட்டியில மாமிக்குச் சொக்லேட்டும் அண்ணைக்குச் சப்பாத்தும் போக மிச்சம்தான் புத்தகத்துக்கு. 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 350ஐத் தாண்டிப் போனதோட வெளிநாட்டுப் புத்தகம் எங்களுக்கு எட்டாத விலையாப் போச்சு. நீ கொண்டு வாறதுதான் பிள்ளையளுக்குக் கன காலத்துக்கு. நல்லாத் தெரிஞ்செடுக்க வேணும்.

முதல் வேலையா, அட்டையைப் பார்த்து மயங்கிறதை விடு. உனக்கு அது சின்ன வயசிலயிருந்தே இருக்கிற வருத்தம். பதிப்பு வருசத்தைப் பார். பக்கத்தில என்னென்ன இருக்கெண்டு எழுதுற எச்.டி.எம்.எல். மொழி கனக்கப் பழசாகாது. வெப்பை உருவாக்கின டிம் பேர்ணர்ஸ்-லீ 1991இல சேர்ண் ஆய்வுகூடத்தில போட்ட முதல் வெப்சைட் இண்டைக்கும் போனில திறபடும். தலைப்பு, பந்தி, இணைப்பு எல்லாம் அப்ப பழகின மாதிரித்தான். பழசாகிறது லேஅவுட், அதுதான் பக்கத்தில எது எங்க நிக்கிறதெண்ட ஒழுங்கு. அதைச் செய்யிற முறை முதல் டேபிள், பிறகு ஃபுளோட், பிறகு ஃபிளெக்ஸ்பொக்ஸ் எண்டு மாறிக்கொண்டு வந்துது. 2017 மார்ச்சில குறோம், ஃபயர்பொக்ஸ், சஃபாரி எண்ட பிரவுசர் மூண்டிலயும் கிறிட் வந்துது, பக்கத்தின்ர வடிவத்தைச் சொல்லுற சி.எஸ்.எஸ். மொழியில இருக்கிற கட்ட முறை. அதோட பக்கம் கட்டுற முறையே மாறிட்டுது. அதுக்கு முந்தின பதிப்பெண்டா லேஅவுட் பழக வாங்காத. பிந்தினதெண்டாலும் கடைசியில இருக்கிற சொல்லடைவைத் திறந்து கிறிட், ஃபிளெக்ஸ்பொக்ஸ், வியூபோர்ட், திரை அகலத்துக்கேற்ப வடிவத்தை மாத்துற மீடியா குவெரி எண்ட நாலும் இருக்கோ பார். ஒவ்வொண்டுக்கும் எத்தினை பக்கம் ஒதுக்கியிருக்கெண்டும் பார். ஒரு பக்கத்தில தொட்டுட்டுப் போற புத்தகம் புதுசாப் பழகிற பிள்ளைக்கு உதவாது.

எனக்கு ஒண்டே ஒண்டுதான் கொண்டு வரலாம் எண்டா, ஜெனிஃபர் ரொபின்ஸ் எழுதின 'லேர்னிங் வெப் டிசைன்'. ஓரெய்லி வெளியீடு. 2018இல வந்த ஐந்தாம் பதிப்பு அல்லது அதுக்குப் பிந்தினது. நாலாம் பதிப்பு மலிவாக் கிடைச்சாலும் தொடாத, கிறிட் அதுக்குப் பிறகு வந்தது. ஒண்டும் தெரியாத ஆளை வச்சுத்தான் அவ தொடங்கிறா: வெப் எண்டா என்ன, சேர்வர் எண்டா என்ன எண்டதிலயிருந்து. பிறகு ஒவ்வொரு படியா ஏத்திக்கொண்டு போறா. அத்தியாயத்துக்குள்ளயே பயிற்சி இருக்கு. ஃபிளெக்ஸ்பொக்ஸ், கிறிட் ரெண்டுக்கும் பெரிய அத்தியாயம், அடுத்த அத்தியாயம் ரெஸ்பொன்சிவ். 800 பக்கத்தை ஒட்டின பாரம்தான், எண்டாலும் அண்ணையின்ர சப்பாத்தைக் குறைச்சிட்டு இதைப் போடு.

ஜோன் டக்கெட்டின்ர புத்தகத்தை நீ முதலாவதா எழுதியிருக்கிறாய். நான் இதில ரெண்டு நாள் யோசிச்சன். 2011இல வந்தது, லேஅவுட்டெல்லாம் ஃபுளோட்டில. நான் சொன்ன கணக்குப்படி வெட்ட வேண்டியது. ஆனா எங்கட பிள்ளையள் தமிழ் மீடியம் மச்சான். பக்கம் முழுக்க நெருக்கி அடிச்ச இங்கிலீசைக் கண்டாப் பயந்து ஒதுங்குதுகள். டக்கெட்டின்ர பக்கத்தில வசனம் கொஞ்சம், படமும் நிறமும் கனக்க. இந்தக் கோட் எழுதினா இதுதான் வரும் எண்டு கண்ணாலயே விளங்கும். அதால அது வரட்டும். செக்கண்ட் ஹாண்ட் போதும். லேஅவுட் அத்தியாயங்களை மட்டும் நான் நூல் போட்டுக் கட்டிப்போடுவன், அதை ரொபின்ஸில படிக்கட்டும்.

பக்கத்தை இயங்க வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குத் தடிப் புத்தகம் வேண்டாம். எழுத்தையும் இடைவெளியையும் ஒழுங்கா வைக்கத் தெரிய முதல் அதுக்குள்ள தலையைக் குடுத்தாப் பிள்ளை ரெண்டிலயும் நிக்காது. நீ எழுதின 'எலோக்குவென்ற் ஜாவாஸ்கிரிப்ட்' நல்ல புத்தகம்தான், ஆனா முதல் புத்தகமில்லை. அதோட அதை எழுதினவரே இன்டர்நெட்டில சும்மா வாசிக்க விட்டிருக்கிறார், பிறகேன் பெட்டியில? எரிக் மேயரின்ர சி.எஸ்.எஸ். புத்தகமும் அப்பிடித்தான். வேலை செய்யிற ஆள் சந்தேகம் வந்தாப் புரட்டிப் பார்க்கிறதுக்கு எழுதினது. அந்த வேலைக்கு இன்டர்நெட்டில மொசில்லாவின்ர எம்.டி.என். எண்ட விளக்கப் பக்கங்கள் காசில்லாமல் இருக்கு. பூட்ஸ்ட்ராப், அந்த ஆயத்தமாச் செய்து வச்ச சி.எஸ்.எஸ். தொகுப்பு, அதின்ர புத்தகத்தையும் வெட்டு.

எல்லாம் யூடியூப்பில கிடக்கே, புத்தகமேன் எண்டு உன்ர மகன் கேட்டதா எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. வீடியோவைப் பார்த்துப் பார்த்து அடிச்சா ஒரு பக்கம் வரும். அடுத்ததைத் தனியச் செய்யச் சொன்னாக் கை நிண்டுபோகும். நான் சனிக்கிழமையளில இதைக் கண்ணால காணுறன். புத்தகத்தோட இருக்கிற பிள்ளை ஒரு வரியை வாசிச்சு, நிப்பாட்டி, அடிச்சுப் பார்த்து, பிழைச்சா அதே வரிக்குத் திரும்பி வரும். டேட்டா முடியாது, கரண்ட் போனாலும் வாசிக்கலாம்.

ரெண்டு மெல்லிய புத்தகம் கட்டாயம் வை. ஸ்டீவ் குறுக் எழுதின 'டோன்ட் மேக் மீ திங்க்', 2014இல வந்த மூண்டாம் பதிப்பு. கோட் பழக்கிற புத்தகமில்லை. வந்து பார்க்கிற ஆள் யோசிக்காமல் தேடினதை எடுக்க வேணும், அதுதான் அவற்ற பேச்சு முழுக்க. அந்தச் சோடி வாடகையைத் தேடின பாட்டை நினைச்சுப் பார், விளங்கும். நீளப் பிளேன் பயணத்தில வாசிச்சு முடிக்கக்கூடிய அளவா இருக்கவேணும் எண்டுதான் அவர் எழுதினவர், நீ அப்பிடியே வாசிச்சுக்கொண்டு வா. மற்றது ரொபின் வில்லியம்ஸின்ர 'நொன் டிசைனர்ஸ் டிசைன் புக்'. 1994இல முதல் வந்தது. இதுக்கு வருசக் கணக்குப் பார்க்காத. வேற்றுமை தெரிய வை, ஒண்டைத் திருப்பித் திருப்பிப் பாவி, ஒரு கோட்டில நிப்பாட்டு, சேர வேண்டியதைக் கிட்டக் கிட்ட வை எண்ட நாலு சங்கதிதான் அதில. அச்சுக்கு எழுதினது, எண்டாலும் திரைக்கும் அதேதான்.

இனித்தான் எனக்கு நித்திரை வராத விசயம். இந்தப் புத்தகங்களில ஒண்டிலயும் தமிழ் இல்லை. முழுக்க இங்கிலீசு எழுத்தை வச்சே பழக்குதுகள். தலைப்பை எடுத்துக் காட்ட எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கு எண்டு சொல்லும், தமிழில பெரிய எழுத்தெண்டு ஒண்டு எங்க இருக்கு? முக்கியமான சொல்லைச் சாய்ச்சு எழுது எண்டும், எழுத்துக்கிடையில இடைவெளி விடு எண்டும். தமிழில சாய்ச்சா வடிவு கெடும், இடைவெளி விட்டாலும் வடிவு கெடும். மேலயும் கீழயும் சுழியும் காலும் இருக்கிறதால வரிக்கு வரி கூட இடம் வேணும், புத்தகம் சொல்லுற அளவைப் போட்டா நெரிஞ்சு போகும். 'கொன்டாக்ட்' எண்டு போட அளந்த பொத்தானுக்குள்ள 'தொடர்புகொள்ளவும்' அடங்காது. எங்கட ஊரில ஒரு பக்கமெண்டா மூண்டு மொழியிலயும் வேணும். இது தமிழெண்டு கோட்டில குறிக்காட்டி, கண் தெரியாத ஆளுக்கு வாசிச்சுக் காட்டுற மென்பொருளுக்கு அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் போகும். இதையெல்லாம் ஆர் சொல்லிக் குடுக்கிறது?

இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு, அதைப் படமா எடுத்து வெப்சைட்டில ஒட்டுற ஆக்கள் இருக்கினம். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து முறையில தமிழுக்கெண்டு தனி இடம் வந்து இவ்வளவு காலம். படமா ஒட்டினதைத் தேடி எடுக்க ஏலாது, போனில பெருப்பிச்சா மங்கும், கொப்பி பண்ண ஏலாது. மருமகள் அப்பிடிச் செய்யக்கூடாது. யூனிகோட்டில அடிச்சு, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரிச் சும்மா கிடைக்கிற நல்ல எழுத்துருவைப் போட்டு, வரி இடைவெளியைத் தன்ர கண்ணால பார்த்து வைக்கப் பழக வேணும்.

கண்ணால பார்த்து வைக்க நீதான் பழக்க வேணும். மத்திய வீதி அச்சகத்தில ஈய எழுத்துக் கோர்த்த கை உன்ர. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில எவ்வளவு ஈயத்தகடு வைக்கிறது, தலைப்பைச் சுத்தி எவ்வளவு வெறுமை விடுறது, நீளச் சொல்லை எந்த இடத்தில முறிக்கிறது எண்டு நீ முதலாளியோட சண்டை பிடிச்சது எனக்கு ஞாபகமிருக்கு. கல்யாணக் காட் ஒண்டுக்காக ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தியே. கொம்பியூட்டர் தெரியாதெண்டு சாட்டுச் சொல்லாத. கோட்டைப் பிள்ளை எழுதட்டும், நீ பக்கத்தில இருந்து இது நெருக்கம், இது தளர்வு எண்டு சொல்லு. போனிலயும் கதைக்க மாட்டாய், நேரிலயும் கதைக்க மாட்டாய் எண்டு உன்ர மனிசி சொல்லுறதை இஞ்ச வந்து பொய்யாக்கு.

மருமகளுக்கு இதை நான் இன்னும் சொல்லேல்லை. புத்தகம் வருகுது எண்டு மட்டும் சொல்லி வச்சிருக்கிறன். பழைய பக்கத்தை அழிச்சுப்போடாத, மாமா வந்தாப் பிறகு திருத்துவம் எண்டும் சொன்னன். "எந்த மாமா?" எண்டு கேட்டவள்.

ரெண்டு சனிக்கிழமை ஒதுக்கி வை. கோணேசர் கோயிலுக்குக் காலமை போகலாம், வாசிகசாலை பின்னேரம்தான். ரொபின்ஸின்ர பதிப்பு வருசத்தை வாங்க முதல் படமெடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்லுறன். மீனுக்கு மாமியிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டன்.

அன்போட,
உன்ர மச்சான்