ஏழெட்டு எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கையில் கால்குலேட்டர் இருக்கும் காலத்தில் குழந்தைகளை வாய்ப்பாடு மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குச் சில மாதங்களாக நான்தான் வீட்டில் வாய்ப்பாடு சொல்லித் தருகிறேன். அவருடைய கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 42/56 என்ற பின்னத்தைச் சுருக்க வேண்டும் என்று வையுங்கள். இரண்டுமே ஏழாம் வாய்ப்பாட்டில் வரும் எண்கள் என்பது கண்ணில் பட்டால் 6/8, அப்புறம் 3/4 என்று போய்விடலாம். அது கண்ணில் படாத பிள்ளை, எந்த எண்ணால் வகுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் வரிசையாக ஒப்பிக்க வைத்தே நாம் சொல்லித் தரும் முறையை அவர் குறை சொல்லியிருந்தாரே, அதில் நியாயம் இருக்கிறது. நானே அந்தத் தவறைச் செய்தேன்.

என் மகன் ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு என்று ஆரம்பித்தால் எழுபதில்தான் நிற்பான். சரி, படித்துவிட்டான் என்று நினைத்தேன். ஒருநாள் வீட்டுப்பாடத்தில் 7 × 8 வந்தது. அவன் உதடு மட்டும் அசைந்தது. ஓரேழில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிட்டு 54 என்றான். "நேற்றுதானே சொன்னாய்!" என்று சத்தம் போட்டுவிட்டேன். பென்சிலை வைத்துவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் மனதை அறுக்கிறது.

அவனுக்குத் தெரிந்திருந்தது ஒரு பாட்டு. ஒரு பாட்டின் ஏழாவது வரி என்ன என்று திடீரென்று கேட்டால் பெரியவர்களும் முதல் வரியிலிருந்துதான் பாடிப் பார்ப்போம். அவன் சொன்ன 54-ம் வாய்க்கு வந்த எண் இல்லை. ஆறொன்பது 54. பிள்ளைகளின் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன, வாய்ப்பாட்டிலேயே பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெருக்கலின் விடையைச் சொல்லிவிடுகிறார்கள். இருபது முறை எழுத வைப்பதும் உதவவில்லை. முதலில் 7 என்று மேலிருந்து கீழே வரிசையாக எழுதுகிறான், அப்புறம் பெருக்கல் குறிகளை, அப்புறம் 1 முதல் 10 வரை. பக்கம் நிறைந்துவிடுகிறது, அவன் எதையும் பெருக்கவே இல்லை.

அதனால் ஒரு தாளில் பத்துக்குப் பத்து கட்டம் போட்டேன். 100 கட்டம் என்றதும் மலைத்துப் போனான். சட்டைப் பொத்தான்களை ஒரு தட்டில் 3 வரிசையாக, வரிசைக்கு 7 என்று அடுக்கி, தட்டைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினேன். இப்போது 7 வரிசை, வரிசைக்கு 3. மாறவில்லைதானா என்று அவனே இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டான். மூவேழும் ஏழ்மூன்றும் ஒன்று என்றால் கட்டத்தில் 55-ஐப் படித்தால் போதும். அதில் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றுக்கு வண்ணம் அடித்தபோது மிச்சம் 21. ஒன்பதுக்குப் பத்தால் பெருக்கி ஒருமுறை கழித்தால் போயிற்று: 9 × 7 என்றால் 70-இல் 7 போக 63. அதில் 6 கட்டம் நிறைந்தது. மூன்று மூன்று, நான்கு நான்கு என்று ஒரே எண்ணை அதாலேயே பெருக்குவது அவனுக்குப் பிடித்துப்போனதால் அந்த 5-ஐயும் சீக்கிரம் முடித்தான். கடைசியில் வெள்ளையாக நின்றவை 10 கட்டங்கள்தான்!

அந்தப் பத்திலும் நான்கால் பெருக்குபவை இருமடங்கின் இருமடங்கு: ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு. உண்மையில் கஷ்டப்படுத்தியவை 6 × 7, 6 × 8, 7 × 8 மூன்றும்தான். 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதி, 56 = 7 × 8 என்று காட்டினேன். அன்றோடு அது பதிந்துவிட்டது. ஆறெட்டுக்கு ஐயெட்டு நாற்பதோடு இன்னொரு எட்டைக் கூட்டிக்கொள்கிறான்.

இன்று சரியாகச் சொன்னதை நாளை மறந்துவிடுவான். முதலில் எனக்கு அதுதான் கோபம் வந்த இடம். ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதிய விஷயம் இது: படித்தது முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக மறக்கிறது, அப்புறம் மறப்பது மெதுவாகிறது. அப்படியென்றால் மறந்தது பிள்ளையின் குற்றமில்லையே. இப்போது ஒரு நாளைக்குப் புதிதாக இரண்டு பெருக்கல்தான். அன்று மாலை ஒருமுறை, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று பழையவற்றோடு கலந்து கேட்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைப்பதில்லை. தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்லிவிட்டு, வேறு இரண்டு கேள்விக்குப் பிறகு அதையே திரும்பக் கேட்கிறேன். "56-இல் எத்தனை எட்டு?" என்று மாற்றியும் கேட்கலாம், வகுத்தலுக்கு அதுவே ஆரம்பம். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதை மட்டும் தயவுசெய்து பெற்றோர் விட்டுவிட வேண்டும். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வாயில் வராது.

உங்கள் இதழின் சிறுவர் பக்கத்தில் விடைகள் நிரம்பிய வாய்ப்பாட்டை அவ்வப்போது வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை ஓரத்தில் மட்டும் எண்கள் போட்டு, பத்துக்குப் பத்து வெற்றுக் கட்டமாக அதை அச்சிடுங்கள். தெரிந்ததற்குப் பிள்ளைகளே வண்ணம் அடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய்