உன் வளவுக்குள் நாட்டிய பலகை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

"பலகைதானே அம்மா, விட்டுவிடுங்கள். இந்த வயதில் ஏன் ஊரோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்?" என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டாய். அந்த நேரம் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி. மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. இது விட்டுவிடுகிற காரியம் இல்லை.

மாமா அனுப்பிய படத்தில் நீ பலகையின் முகத்தைத்தான் பார்த்தாய். காணித் துண்டுகள் விற்பனைக்கு, தெளிவான உறுதி, இலகு தவணை, கீழே ஒரு தொலைபேசி இலக்கம், கடற்பக்க ஒழுங்கையைக் காட்டும் சிவப்பு அம்பு. அதன் காலை நீ பார்க்கவில்லை. இரண்டு இரும்புக் குழாய்கள். நம்முடைய மணலில் சும்மா குத்தினால் வாடைக் காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று தெரிந்தவர்கள்தான் நாட்டியிருக்கிறார்கள். முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, சல்லியும் சீமெந்தும் குழைத்து ஊற்றியிருந்தார்கள். உள்ளே போவதற்காக முள்ளுக்கம்பியில் இரண்டு நிரையை வெட்டி, வேலை முடிந்ததும் நைலோன் கயிற்றுத் துண்டால் முடிந்துவிட்டுப் போயிருந்தார்கள். எழுத்தை மறைக்கிறதென்று மூலையில் நின்ற முருங்கையின் பெரிய கொப்பைத் தறித்து, காயும் பூவுமாக அப்படியே நிலத்தில் போட்டிருந்தார்கள். போதாததற்கு வேம்பில் இரண்டு தகரப் பலகைகள். ஆணி இறங்கிய இடத்தில் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. கம்பியை வெட்டி, கொப்பைத் தறித்து, சீமெந்து குழைக்க ஒரு பகல் பொழுதாவது போயிருக்கும். அவ்வளவு நேரத்தில் அடுத்த வீட்டுப் படலையைத் தட்டி, இது யாருடைய வளவு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பின்னால் இருந்த தென்னங்காணியை யாரோ வாங்கித் துண்டு துண்டாகப் பிரித்து விற்கிறார்கள். அது அவர்கள் பொருள், விற்கட்டும். கல்முனை வீதியில் போகிற வாகனங்களுக்கு நம்முடைய மூலைதான் கண்ணில் படும் என்பதால் அம்புக்குறியை நம்முடைய வளவில் நாட்டிவிட்டார்கள். அம்பை யார் பார்க்கிறார்கள்? பலகை நிற்கிற காணிதான் விலைக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு நாள் செங்கலடியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் சின்னப் பிள்ளையோடு மோட்டார் சைக்கிளில் வந்து, வளவுக்குள் நின்று கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிணற்று நீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று என்னிடமே கேட்டார்கள். விற்பனைக்கு இல்லை என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போனது. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். இன்னொருவர் வந்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலியோரமாக அடி வைத்து நீளம் அகலம் அளந்தார். உன் வளவை, மகள்.

அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டு அக்கா வந்தாள். "மகளின் காணியை விற்கிறாயாமே, எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லையே, என்ன கஷ்டம்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கேட்டதில் குற்றம் இல்லை. சீதனமாகக் கொடுத்த வளவை நம்முடைய ஊரில் யாரும் சும்மா விற்பதில்லை. ஒன்று கடன் கழுத்தை நெரிக்க வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் பிரிய வேண்டும். கோயில் வாசலில், மரண வீட்டில், கலியாண வீட்டில் உன்னையும் மருமகனையும் பற்றி என்னென்ன பேசியிருப்பார்களோ! நீ லண்டனில் இருக்கிறாய், உன் காதில் விழாது. எனக்கு விழும்.

இந்த இருபது பேர்ச்சஸ் காணி என் அம்மாவின் அம்மா வழியாக வந்தது என்று உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை என்று எழுதிய சட்டம் இருக்கிறது. நமக்கென்று முன்பு இருந்த முக்குவர் வழமையை நீதிமன்றம் இப்போது பார்ப்பதில்லை, பொதுச் சட்டம்தான். ஆனாலும் வீடும் வளவும் பெண்ணுக்கு என்பதை மட்டக்களப்பில் யாரும் விட்டுவிடவில்லை. தாய்வழியில் குடி, அதாவது குலம், பார்க்கிற ஊர் இது. 1978 நவம்பர் சூறாவளியில் இந்த வளவின் தென்னைகள் முறிந்து விழுந்தன. 1990இல் யுத்தத்தால் விட்டுவிட்டு ஓடினோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து எல்லைக்கல்லைத் தேடி எடுத்து வேலி அடைத்தோம். கடலுக்குப் பிறகு பக்கத்து நாவலடியில் உறுதி, வரைபடம், பிறப்புச் சான்றிதழ் ஒன்றும் மிஞ்சாமல் நின்றவர்களைப் பார்த்தவள் நான். காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பதற்காக அவர்கள் வரிசையில் நின்றதையும் பார்த்தேன். அதனால்தான் ஒரு பலகைக்கு இவ்வளவு பேசுகிறேன்.

அந்த இலக்கத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மறுநாள் ஒரு பிள்ளை வந்தான். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான். "வெறுங்காணிதானே அன்ரி, ஆள் இல்லாத இடம் என்று நினைத்துப் பெடியன்மார் நாட்டிவிட்டார்கள்" என்றான். ஆள் இல்லாத இடத்துக்கு வேலி அடைத்தது யார், மகன், என்று கேட்டேன். பதில் இல்லை. மாதம் ஏதாவது பார்த்துத் தருவதாகச் சொன்னான். என்னிடம் காசு இல்லை என்றா நான் அவனைக் கூப்பிட்டேன்? முதலிலேயே படலையால் வந்து, அம்மா, ஒரு மாதத்துக்கு உங்கள் மூலையில் ஒரு பலகை வைக்கட்டுமா என்று கேட்டிருந்தால், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நானே இடத்தைக் காட்டியிருப்பேன். அவனுக்கும் வீட்டில் தாய் இருப்பாள், அவனும் உழைக்கத்தான் வேண்டும். மேலிடத்தில் சொல்கிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. பிறகு அந்த இலக்கத்தில் பேசியவர், பலகை நாட்டுவது வேறு ஆட்கள், எங்களுக்குத் தெரியாது என்றார். உன் மாமாவுக்கு வந்த கோபத்தை அடக்குவது பெரும் பாடாகிவிட்டது.

மாமாவும் நானும் பட்டணத்துக்குப் போய் ஒரு சட்டத்தரணியைக் கண்டோம். நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் உள்ளபடி எழுதுகிறேன். பலகை நாட்டியதால் மட்டும் காணி பறிபோகாது. நம்முடைய நாட்டில் காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து அதுதான் சட்டம், வாய்ப்பேச்சு செல்லாது. ஆனால் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. சொந்தக்காரனின் உரிமையை ஏற்காமல், தடையும் தொந்தரவும் இல்லாமல் பத்து ஆண்டுகள் ஒருவன் காணியை ஆண்டுவிட்டால் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம். யுத்த காலத்தில் தங்கள் காணிக்காக வழக்குப் பேச முடியாமல் போனவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டுக் கணக்கு அநியாயமாகிவிடும் என்பதற்காக 2016இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. யுத்தம் 2009இல் முடிந்தது. கடல் கடந்து இருப்பவருக்கு அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சட்டம் ஒரு விலக்குத் தந்தாலும், அதை நம்பி லண்டனில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கக் கூடாது.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அனுமதி கொடுப்பதில் ஆபத்து குறைவாம். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை, என் சம்மதத்தோடு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், நாட்டியவன் நம்முடைய உரிமையை ஒத்துக்கொண்டவன் ஆகிவிடுகிறான். சம்மதத்தோடு வந்தவன் ஆட்சியுரிமை பேச முடியாது. கொடு, அல்லது எடுக்கச் சொல். இரண்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் கூடாது என்றார். நீ என்னிடம் சொன்னது அந்த மூன்றாவதைத்தான்.

பலகை நின்ற இடம் வீதிக்குரிய ஒதுக்கு நிலமாக இருந்தால் அது மாநகர சபையின் பாடு, நமக்குப் பேச்சில்லை. அதனால் முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தேடினோம். மணல் மூடிக் கிடந்தது. மாமா கையால் தோண்டித் துடைத்தார், அளவையாளர் நூல் பிடித்தார். இரண்டு குழாய்களும் கல்லுக்கு உள்ளே, ஒரு முழத்துக்கு மேல். கிராம உத்தியோகத்தரும் வந்து பார்த்தார். விளம்பரப் பலகைக்கு மாநகர சபை அனுமதி கொடுத்திருந்தாலும் பிறத்தியார் வளவுக்குள் இறங்க அது அனுமதி இல்லை என்று அவரும் சொன்னார். எல்லாவற்றையும் படம் எடுத்தோம். வெட்டிய கம்பி, கொப்பு, ஆணி, எல்லைக்கல் தெரியக் குழாய். பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதி, அதன் பிரதியையும் வாங்கினேன். எழுதிக்கொண்ட உத்தியோகத்தர் முதலில் உன்னைப் போலவே, பலகைதானே என்றார். கம்பியை வெட்டி உள்ளே வந்திருக்கிறார்கள் என்று சொன்ன பிறகு பேனையை எடுத்தார்.

மாமா கோடரியோடு நின்றார். நான் விடவில்லை. பலகையை உடைத்தால் பிறத்தியார் பொருளுக்குச் சேதம் செய்தோம் என்று நம்மீதே முறைப்பாடு வரும். இரண்டு ஆட்களைப் பிடித்துச் சுற்றிவரத் தோண்டி, சீமெந்துக் கட்டியோடு அப்படியே கிளப்பி, வீட்டு விறாந்தையின் ஓரத்தில் சாத்தி வைத்தோம். வேம்பிலிருந்த ஆணியையும் பிடுங்கினோம். வந்து கையெழுத்து வைத்துவிட்டு எடுத்துப் போகலாம் என்று அந்த இலக்கத்துக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து லொறியில் வந்து எடுத்துப் போனார்கள். கடதாசியில் கையெழுத்து இருக்கிறது.

பிரச்சினை முடிந்ததே, பிறகு ஏன் கடிதம் என்று கேட்பாய். நம்முடைய ஒழுங்கையில் எத்தனை வளவுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று யோசித்துப் பார். கனடா, சுவிஸ், லண்டன், அவுஸ்திரேலியா. அந்த வளவுகளிலும் இதே பலகைகள் நிற்கின்றன. யாரும் கேட்கவில்லை. கேட்பாரில்லாத வளவு எது என்று ஊருக்கு அறிவிக்கிற பலகைகளாக அவை நிற்கின்றன. இன்றைக்கு அம்புக்குறி, நாளைக்கு அதன் நிழலில் ஒரு தகரக் கொட்டில் வந்தால் தொலைபேசியில் பேசி எடுக்க முடியாது. கைகலப்பு வரும் நிலையில் உள்ள காணிப் பிணக்கைப் பொலிஸார் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கேயும், தகவல் தாக்கல் செய்வதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவருக்குத்தான் உடைமையை உடனே மீட்டுக் கொடுக்க வழி இருக்கிறது. தவறவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டும். உன் கூட்டாளிகளில் யார் யாருக்கு இங்கே வளவு இருக்கிறதோ அவர்களுக்கும் சொல். தாய் தகப்பன் இல்லாதவர்கள் மாமாவோடு பேசட்டும். போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவதாக அவர் சொல்கிறார்.

இனி உன்னிடம் கேட்பது. காணி உன் பெயரில் இருக்கிறது. நான் கதைத்தால், நீங்கள் யார் என்று அடுத்த தடவை கேட்டுவிடுவார்கள். லண்டனில் உள்ள நம்முடைய உயர் ஸ்தானிகராலயத்தில் உன் சார்பில் நடந்துகொள்ள எனக்கு அதிகாரம் தரும் ஒரு அற்றோனித் தத்துவம் எழுதி அனுப்பு. காணியைப் பராமரிக்க, வேலி மதில் கட்ட, முறைப்பாடு செய்ய, வழக்குப் பேச என்று மட்டும் எழுது. விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் எழுதாதே, எனக்கும் வேண்டாம். சட்டத்தரணி மாதிரிப் படிவம் தருவார், மாமா அனுப்புவார். காணிப் பதிவகத்தில் உன் பெயரில் கேவியற் ஒன்றும் பதிய வேண்டும். அது இருந்தால், அந்தக் காணிக்கு யாராவது உறுதி கொண்டுவந்து பதியப் போகும்போது உனக்கு அறிவித்தல் வரும். காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டுமாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வரைபடத்தின் மூலப் பிரதி உன் பெட்டியில்தான் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பாதே, படம் எடுத்து அனுப்பு.

மதில் கட்டுகிற செலவைப் பற்றி மருமகனோடு பேசி முடிவு சொல். வீதிப்பக்கம் மட்டும் கட்டினாலும் போதும். கொத்தனார் மாரிக்கு முன்னர் தொடங்க வேண்டும் என்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அம்மா