செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: படநூல்களும் காட்சிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

படங்களையே முதன்மையாகக் கொண்ட புதிய நூல், அதாவது படநூல், எதைப் பற்றிப் பேசினாலும் படங்களோடு காகிதம், அச்சு, கட்டு (பைண்டிங்) மூன்றையும் சேர்த்தே பேசுவது என்பது சென்ற பொதுக்குழுவின் தீர்மானம். இந்த ஊரில் நல்ல படம் எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. எடுத்த படம் அச்சுக்கும் சுவருக்கும் போகிற வழியில்தான் கெடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வேலை அந்த வழியைப் பற்றியதாகவே இருந்தது.

நூலகம்

பதிவேட்டில் பெயர், ஆசிரியர், விலை என்று இருந்த பத்திகளோடு நூலின் அளவு, பாரங்களின் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) எண்ணிக்கை, காகிதத்தின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை), கட்டின் வகை, விரித்தால் மேசையில் படிகிறதா என்பவற்றையும் சேர்த்திருக்கிறோம். கடைசிப் பத்திதான் உறுப்பினர்கள் அதிகம் பார்ப்பது. இரு பக்கப் படம் நடுவில் விழுங்கப்படும் நூல் எவ்வளவு விலையானாலும் பாதி நூல்தான்.

வாசிப்புக் கூட்டங்களில் நீண்ட நேரம் பிடித்தது புகைப்படக் கலைஞர் தயனிதா சிங்கின் ‘ம்யூசியம் பவன்’. ஜெர்மனியின் ஷ்டைடல் பதிப்பகம் 2017-இல் வெளியிட்டது. பாரிஸ் ஃபோட்டோ–அப்பெர்ச்சர் விருதுகளில் அவ்வாண்டின் சிறந்த படநூலாகத் தேர்வானது. ஒரு பெட்டிக்குள் விசிறி மடிப்பில் 9 சிறு நூல்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி விரித்தால் அதுவே காட்சிக்கூடம். வீட்டு அலமாரியில் ஒரு கண்காட்சி நடத்த இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் விசிறி மடிப்பில் ஒவ்வொரு மடிப்பும் முன்னும் பின்னும் வளைகிறது. மேற்பூச்சு பூசிய காகிதமான ஆர்ட் பேப்பர் கனமாக இருந்து, மடிப்புக் கோட்டை முன்கூட்டியே அழுத்தி வைக்காமல் மடித்தால், மேற்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

அதே கூட்டத்தில் லினேயஸ் ட்ரைப் பேச்சுக்கு வந்தார். 1850-களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டைத் தொடர்ச்சியாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மெழுகு ஏற்றிய காகிதமே அவருடைய நெகடிவ். இந்தப் படத்தைச் சாதாரணக் கட்டு நூலில் போட்டால் கல்வெட்டு வரி நடுவில் முறியும், வாசிக்க முடியாது. விசிறி மடிப்பு தவிர வேறு வழி இல்லை என்பதில் கூட்டம் ஒருமனதாக இருந்தது. அப்படி நடப்பது அரிது.

திருவான்மியூர் தாரா புக்ஸின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலையும் மறுபடி எடுத்துப் பார்த்தோம். கறுப்புக் கைக்காகிதத்தில் சில்க் ஸ்கிரீன் அச்சு, அதாவது வலைத்துணி வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறை. ஆஃப்செட் மை ஒளி ஊடுருவக்கூடியது. கறுப்புக் காகிதத்தில் விழுந்தால் காணாமல் போகும். ஸ்கிரீன் மை கெட்டியாக மேலே உட்காருவதால்தான் மரங்கள் அந்த இருட்டில் தெரிகின்றன. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்தது என்பதால் வேகம் எதிர்பார்க்கக்கூடாது.

வெளிநாட்டு நூல்கள் வாங்குவது குறைந்துவிட்டது. 2019 வரவு செலவுத் திட்டத்திலிருந்து இறக்குமதி நூல்களுக்கு 5% சுங்க வரி; போதாக்குறைக்கு 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தகத் தபால் சேவையை நிறுத்தியது. உள்ளூரிலேயே உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு நூல் அனுப்புவது கைமாற்றாகத்தான் நடக்கிறது.

ஃபெஞ்சல் புயல் நாட்களில் நூலகத்துக்குச் சேதம் இல்லை. கீழ்த் தட்டு தரையிலிருந்து ஒரு அடிக்கு மேலேயே இருக்கட்டும் என்ற ஏற்பாடு தொடர்கிறது. உறுப்பினர்கள் வீட்டு நூல்களுக்கும் இது பொருந்தும்: ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு நனைந்து காய்ந்தால் பக்கங்கள் செங்கல் போல ஒட்டிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மழை ஓய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

கைத்தறிப் படநூல்

உறுப்பினர்கள் சேர்ந்து செய்துவரும் காஞ்சிபுரம் கைத்தறிப் படநூல் டம்மி (அச்சுக்கு முந்தைய மாதிரி நூல்) நிலைக்கு வந்திருக்கிறது. இதில் தீர்மானமானவற்றைச் சற்று விரிவாகவே பதிகிறேன்; அடுத்து நூல் போடுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் சதுர நூல் என்றுதான் ஆசைப்பட்டார்கள். 10 அங்குலச் சதுரத்துக்கு வெட்டுக் கழிவோடு 10¼ அங்குலம் வேண்டும். 23×36 அங்குலத் தாளில் 6 இலைகள்தான் (ஓர் இலைக்கு இரண்டு பக்கம்) விழும், கிட்டத்தட்ட கால் பங்கு தாள் குப்பைக்குப் போகும். கிரவுன் 1/4 (சுமார் 7½×10 அங்குலம்) அளவில் 20×30 அங்குலத் தாளின் இரு பக்கமும் சேர்த்துச் சரியாக 16 பக்கம், அதாவது ஒரு பாரம். நம் நூலின் 128 பக்கத்துக்கு 8 பாரம். சதுரம் கைவிடப்பட்டது.

அடுத்தது காகிதத்தின் இழை ஓட்டம், அச்சகத்தில் கிரெய்ன் என்பார்கள். இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்து நிற்கும், ஈரக்காற்றில் முதுகோரம் அலை அலையாக வளையும், மடிப்பு வெடிக்கும். 20×30 தாளில் கிரவுன் 1/4 போடும்போது முதுகு 20 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வருகிறது. கடையில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் 30 அங்குல வாக்கில் இழை ஓடும் தாள்தான் கிடைக்கும். ஆகவே ‘ஷார்ட் கிரெய்ன்’ என்று சொல்லி வாங்க வேண்டும். மாறாக, 23×36 தாளில் டெமி 1/8 (நாவல்களின் வழக்கமான அளவு) போடுகிறவர்களுக்கு நீளவாக்கு இழையே சரி. சோதிப்பது எளிது: சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது குழாய் போலச் சுருளும், குழாய் கிடக்கும் திசையே இழையின் திசை.

முதுகின் கனம் காகிதத்தைப் பொறுத்தது. 130 ஜி.எஸ்.எம். மேட் ஆர்ட் பேப்பர் ஓர் இலை சுமார் 0.11 மி.மீ.; 64 இலைக்கு 7 மி.மீ. மேற்பூச்சு இல்லாத 120 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ சுமார் 0.15 மி.மீ.; அதே 64 இலை 9.6 மி.மீ. ஆகிவிடும். காகிதம் முடிவாகும் முன் அட்டை வடிவமைத்தால் முதுகிலுள்ள தலைப்பு முன்னட்டைக்கு நழுவும். எந்தக் காகிதத்தில் அச்சாகப் போகிறதோ அதே காகிதத்தில் வெற்று டம்மி கட்டி அளப்பதே நம்பகமானது.

நிறம்தான் பெரிய தலைவலி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ, அரக்கு, மயில் கழுத்து மூன்றும் சையான் (பச்சைநீலம்), மஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிற அச்சுக்கு எளிதில் அடங்குவதில்லை. நீலத்தில் மஜந்தா சையானுக்கு நெருங்கி வந்தால் அச்சில் ஊதாவாகிவிடும்; சையானைவிட மஜந்தா குறைந்தது 30 சதவீதப் புள்ளியாவது தாழ்ந்திருக்க வேண்டும். மயில் கழுத்தில் பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கிழை) ஒரு நிறம். தட்டையாக விரித்து எடுத்த படத்தில் இரண்டும் வராது, மடிப்பு விழுந்த நிலையில் எடுத்தால் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றும் தெரியும். ஜரிகைக்கு நேர் ஒளி பட்டால் வெள்ளையாக வெடிக்கும், ஒளியே இல்லாவிட்டால் அச்சில் வெறும் பழுப்பு. பக்கவாட்டிலிருந்து தாழ்ந்து வரும் ஒளியும் எதிரே ஒரு வெள்ளை அட்டையும் போதும். துணித் துண்டை அச்சகத்துக்கு எடுத்துப்போய் பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் விளக்கின் கீழ் ஒப்பிட வேண்டும். இயந்திர அறை ட்யூப் லைட்டின் கீழ் தலையாட்டிவிட்டு வருவது வழக்கம்; பிறகு வீட்டில் பார்த்து வருந்துவதும் வழக்கம்.

சிறு கட்டம் போட்ட மெட்ராஸ் செக்ஸ் துணிகளில் வேறு சிக்கல். துணியின் கட்டமும் கேமராவின் சென்சார் கட்டமும் மோதி, துணியில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் தோன்றும். கேமராவை அரை அடி முன்னோ பின்னோ நகர்த்தினால் பெரும்பாலும் மறையும். அச்சுப் புள்ளிகளோடு மீண்டும் மோதினால் எஃப்.எம். ஸ்கிரீனிங் (அச்சுப் புள்ளிகளை வரிசையின்றிச் சிதறவிடும் முறை) உள்ள அச்சகத்தைத்தான் தேட வேண்டும்.

ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டி வரும் மொத்த மை அளவு ஆர்ட் பேப்பருக்கு 300%, மேப்லித்தோவுக்கு 260% சுற்றுவட்டாரம் என்று நிறுத்திக்கொண்டோம். மீறினால் மழைக்காலத்தில் மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து வைப்பவர்கள் கவனிக்க: பின்னணி நான்கு மையால் ஆனதென்றால், அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். எழுத்து இருக்கும் இடத்தில் ஒற்றைக் கறுப்பே நல்லது.

கட்டுக்கு நூலிழைத் தையல்தான். வெறும் பசைக் கட்டில் நடுவில் 6 முதல் 10 மி.மீ. வரை படம் மறைகிறது. சாதாரண ஹாட் மெல்ட் பசை மே மாதக் கிடங்கில் இளகும். காகித அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்தால் உட்பக்கம் ஈரம் குடித்து விரிய, அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். கெட்டி அட்டை போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் மெஷின் ப்ரூஃபுக்கு (அச்சு இயந்திரத்திலேயே எடுக்கும் சோதனைப் பிரதி) பணம் இல்லை என்கிறார்கள். வெளியீட்டு விழாவின் மண்டபத்துக்கும் சால்வைகளுக்கும் ஒதுக்கியதைக் காகிதத்துக்கு மாற்றலாம் என்பது என் யோசனை. செயற்குழுவில் இருவர் இன்னும் இசையவில்லை.

காட்சிகள்

2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்த, புகைப்படத் திருவிழாவான சென்னை ஃபோட்டோ பியனாலேயின் நான்காம் பதிப்பு இவ்வாண்டின் பெரிய வாய்ப்பு. உறுப்பினர்கள் குழுவாகச் சென்று, படங்களைப் பற்றிய குறிப்போடு தொங்கவிட்ட உயரம், ஒளி, விளக்க அட்டை ஆகியவற்றையும் எழுதி வந்தார்கள். அந்தக் குறிப்புகள் கோப்பில் உள்ளன.

மார்கழியில் நமது சிறு காட்சியில் சேலைகளும் படங்களும் ஒரே அறையில் இருந்தன. சேலைக்கு 50 லக்ஸுக்கு மேல் ஒளி கூடாது என்பதால் அறை முழுதும் அதற்கே அடங்கியது; படங்கள் மங்கலாக இருப்பதாக வந்தவர்கள் குறைப்பட்டார்கள். அடுத்த முறை இரண்டுக்கும் இடையே தடுப்பு வேண்டும். கிளிப் போட்டுச் சேலையைத் தொங்கவிடுவதைத் தடை செய்திருக்கிறோம்: எடை முழுதும் இரண்டு மூன்று புள்ளிகளில் இறங்கி, கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் இழை நகரும். துவைத்த பருத்தி நாடாவில் வெல்க்ரோவின் மென்பாகத்தைத் தைத்து, நாடாவைச் சேலையின் மேல் விளிம்பு முழுக்கக் கைத்தையலில் இணைத்து, முட்பாகத்தை மரச்சட்டத்தில் அடித்தோம். எடை சீராகப் பரவியது.

படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலம். சன் போர்டில் (இலேசான நுரைப் பலகை) வினைல் ஒட்டிய விளக்கப் பலகைகள் ஓரம் கிளம்பின. பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்று இருந்தால் ஈரப்பதம் ஏறி இறங்கி எதுவும் ஒட்டி நிற்காது. ஏசியை விட்டு விட்டுப் போடுவதைவிட மின்விசிறியைத் தொடர்ந்து ஓடவிடுவது மேல். சட்டத்துக்குள் படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. இந்த ஊர் ஈரத்தில் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மவுண்ட் அட்டை கட்டாயம்.

அடுத்த ஆண்டுக்கு

கைத்தறி நூலுக்கு ஐ.எஸ்.பி.என். (நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) கட்டணமின்றிக் கிடைக்கும், விண்ணப்பிக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மும்பை ஏஷியாட்டிக் சொசைட்டி, டெல்லி பொது நூலகம் நான்குக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அந்த நான்கு பிரதிகளையும் விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் அச்சு எண்ணிக்கையை முடிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

காகித மாதிரிப் பெட்டியிலிருந்து எடுத்துச் சென்ற மேப்லித்தோ, கைக்காகிதத் தாள்கள் பல இன்னும் திரும்பவில்லை. டம்மிக் குழுவுக்கு அவை உடனே தேவை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மடிக்காமல், சுருட்டிக் கொண்டுவரவும்.

இவண்,
கௌரவச் செயலாளர்
சென்னை