மலையடிவாரத்திலிருந்து மச்சானுக்கு

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிசியோதெரபிக்காரர் சொல்லும் பயிற்சிகளை ஒழுங்காகச் செய். காலேஜில் பரீட்சைக்குப் படித்த லட்சணத்தில் இதையும் செய்தாயானால் விளங்கினாற்போலத்தான். மகள் வேலையில் சேர்ந்த செய்தி ரொம்ப சந்தோஷம். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

"வருஷம் முழுக்க அந்த மலையையே பார்த்துக்கிட்டு இருக்கியே, அலுக்கலையா?" என்று கேட்டிருந்தாய். நான் ஷாமொனிக்கு வந்தது பனிச்சறுக்குக்காக, அது உனக்கே தெரியும். 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஊர், தலைக்கு மேல் 4,800 மீட்டரைத் தாண்டி நிற்கிற மோன் பிளாங் சிகரம். ஸ்கீ கற்றுக்கொள்ள இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். டிசம்பர் முழுக்க லிஃப்டில் ஏறுவதும் சறுக்கி இறங்குவதுமாகவே போனது. இங்கே தடங்களுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை எளிது, பிறகு நீலம், சிவப்பு. கறுப்பு என்றால் செங்குத்து. சிவப்புத் தடத்தில் கால் நடுங்காமல் இறங்கத் தொடங்கிய பிறகுதான், நீ சொல்கிற அந்த அலுப்பு நிஜமாகவே எட்டிப் பார்த்தது. வரிசையில் நிற்பது, தொங்கிக்கொண்டு மேலே போவது, ஐந்து நிமிடத்தில் கீழே வந்து மறுபடி அதே வரிசை. எவ்வளவு நேரம்தான்?

அப்போதுதான் ஸ்கீ டூரிங் பக்கம் போனேன். அதில் லிஃப்ட் கிடையாது. ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டே மலையேற வேண்டும். ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற நீளமான பட்டையை ஒட்டிக்கொள்வோம். ஒரு காலத்தில் சீல் தோலில் செய்தார்களாம். இப்போது மொஹேர் என்கிற ஆட்டு ரோமமும் நைலானும். அதன் ரோமம் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் சரியப் பார்த்தால் பனியைக் கவ்விக்கொள்ளும். ஏறும்போது பூட்ஸின் முனை மட்டும் பூட்டியிருக்கும், குதிகால் தூக்கித் தூக்கி நடக்கலாம். உச்சியில் பட்டையை உரித்துச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, குதிகாலையும் பூட்டினால் இறங்கத் தயார். மூன்று மணி நேரம் ஏறி இருபது நிமிடத்தில் இறங்குவது, கணக்குப் பார்த்தால் நஷ்ட வியாபாரம்தான். ஆனால் இப்போது நான் போவதே அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான். என்னை ஏற்றிப் பழக்கிய கைடு ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார்: பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் போ, பேச்சு நின்றால் வேகத்தைக் குறை. வாயாடியான எனக்குப் பொருத்தமான விளையாட்டு என்று நீ சிரிப்பது கேட்கிறது.

பயமில்லையா என்றும் கேட்டிருந்தாய். உண்டு. பனிச்சரிவைப் பற்றிப் படிக்கப் படிக்க பயம் குறையவில்லை, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெளிவானது. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லிசாக இருக்கும்போதுதான் விஷயமே ஆரம்பம். தரையோ பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும், மேலே வானம் தெளிந்த இரவுகளில் கடுங்குளிர். அடியிலிருந்து நீராவி மேல்நோக்கிப் போகப் போக, நடுவிலுள்ள துகள்கள் உருமாறி ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்விடுகின்றன. பயிற்சியின்போது இடுப்பளவு குழி வெட்டி, அந்த அடுக்கிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையில் வைத்தார்கள். கையுறையில் சர்க்கரை மாதிரி உருண்டது. எவ்வளவு அழுத்தியும் உருண்டை பிடிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்புகள் எல்லாம் பட்டை தீட்டியதுபோல மின்னின. அதன்மேல் ஜனவரியில் ஒரு மீட்டர் புதுப்பனி கெட்டியாக உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும், யோசி. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில் ஒருவன் கால் வைத்தாலே, மேலே பலகைபோல இறுகிய பனி முழுசாகப் பெயர்ந்து வரும்.

தினமும் எச்சரிக்கை அறிக்கை வருகிறது, 1 முதல் 5 வரை. 5 போட்ட நாளில் எவனும் போக மாட்டான். ஆட்கள் அதிகம் மாட்டுவது 3 போட்ட நாளில்தான். நடுவில்தானே இருக்கிறது என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். எனக்கு இந்த 3 தான் ஆகாது. கண்டால் முப்பது டிகிரிக்குக் குறைவான சரிவுகளைத்தான் தேடுவேன், அதுவும் தலைக்கு மேல் செங்குத்து ஏதுமில்லையே என்று பார்த்துக்கொண்டுதான்.

மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்று நம்மவர்கள் சொல்லிவைத்தது இங்கே அப்படியே பொருந்துகிறது. எல்லோர் மார்பிலும் ஒரு டிரான்ஸீவர், அதாவது சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்கிற சின்னக் கருவி, கட்டியிருக்கும். எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் அலைவரிசை 457 கிலோஹெர்ட்ஸ்தான். ஒருவன் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி, கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்ட வேண்டும். முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன்பிறகு அது மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமிருக்காது, கூட வந்தவன்தான் கதி. அதனால் யாரோடு போகிறோம் என்பதை எந்த மலைக்குப் போகிறோம் என்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறோம். அப்படிப்பட்ட துணையையே மறந்த ஊர் இது என்பது வேறு வேடிக்கை. 1786 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மோன் பிளாங்கின் உச்சியில் முதலில் கால் வைத்தவர்கள் இரண்டு பேர்: பால்மா, டாக்டர் பக்கார். ஊர் நடுவே பால்மாவுக்கு 1887-லேயே சிலை வைத்துவிட்டார்கள், கூட நிற்பவர் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்த சோஸ்யூர். டாக்டருக்குச் சிலை வந்தது 1986-ல். இருநூறு வருஷம் மச்சான்!

வசந்தம் வேறு மாதிரி. இரவில் பனி இறுகி, காலை வெயிலில் மேல்தோல் மட்டும் இளகும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் சறுக்குவதற்கு சொர்க்கம். பிந்தினால் முழங்கால்வரை சொதசொதப்பு, சரிவு அபாயமும் கூடிவிடும். இருட்டோடு கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மே மாதம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சேறு, மூடிய லிஃப்ட், மழை.

ஜூனில் மர்மோட்டுகள் வெளியே வந்துவிட்டிருந்தன. வருஷத்தில் பாதியைத் தூங்கியே கழிக்கிற பிராணி. மனிதன் நெருங்கினால் விசில் அடித்துக் கூட்டத்தையே உஷார்ப்படுத்தும். மேலே பாறைகளில் ஐபெக்ஸ் காட்டாடுகள். ஒரு காலத்தில் வேட்டையில் அழிந்து, இத்தாலிப் பக்கம் கிரான் பாரடீஸோவில் சுமார் நூறு மட்டும் மிஞ்சின. இன்று ஆல்ப்ஸ் முழுக்கத் திரிபவை எல்லாம் அந்த நூறின் வாரிசுகள். ஒன்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நகரவே நகராமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நீ படத்தில் பார்த்துக் கேட்ட பனியாறு, மெர் த கிளாஸ். பிரான்ஸிலேயே நீளமானது. அதன் மேலே உள்ள மோந்தான்வேர் நிலையம் வரை 1909-லேயே பல்சக்கர ரயில் போட்டுவிட்டார்கள். பழைய படங்களில் பனி, நிலையத்துக்குச் சற்றுக் கீழேயே கிடக்கிறது. நான் போனபோது பாறையில் அடித்த இரும்புப் படிக்கட்டையும் அதில் ஆண்டு எழுதிய பலகைகளையும் பார்த்தேன். அந்த ஆண்டில் பனி அந்த உயரத்தில் இருந்தது என்று அர்த்தம். நாம் இரண்டு பேரும் காலேஜில் சேர்ந்த ஆண்டை ஒட்டிய பலகையிலிருந்து கீழே பார்த்தால், பனியைக் காண இன்னும் எவ்வளவோ இறங்க வேண்டும். 2024-ல் பள்ளத்தாக்கின் மேல்பக்கமாகப் புது கேபிள் வண்டி போட்டிருக்கிறார்கள், பனி பின்வாங்கிய இடத்தைத் துரத்திக்கொண்டு. எனக்கென்னவோ அங்கே போட்டோ எடுக்கக் கை வரவில்லை.

சரி, நீ வருகிற விஷயம். மோன் பிளாங்கைச் சுற்றி வரும் நடை சுமார் 170 கிலோமீட்டர், மூன்று நாடுகள். பத்து நாள் வாக்கில் ஆகும். (ஆகஸ்ட் கடைசியில் இதையொட்டிய தடத்தை ஓட்டப்பந்தயமாகவே ஓடுகிறார்கள், முதலில் வருகிறவர்கள் 20 மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச வேண்டாம்.) இந்த வருஷம் உன் முட்டிக்கு அது வேண்டாம். முட்டியை வாட்டுவது ஏற்றமல்ல, இறக்கம். ஃப்ளெஜேரிலிருந்து பிளான்பிராஸ் வரை மலையின் இடுப்பில் அதிக ஏற்ற இறக்கம் இல்லாத பாதை ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் ரோப் கார் உண்டு, எதிரே மோன் பிளாங் மலைத்தொடர் முழுக்கத் தெரியும். இங்கே கைகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, மணி நேரம்தான் இருக்கும். 1892-ல் நெய்ஸ்மித் என்பவர் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. உனக்காக நான் அதை ஒன்றரையால் பெருக்கி வைத்திருக்கிறேன்.

ஜூனில் வராதே, உயரமான கணவாய்களில் பனி கிடக்கும். ஜூலை பாதிக்கு மேல் வா. பிற்பகலில் இடி மழை வரும், அதனால் காலையிலேயே கிளம்பிவிடலாம். டாக்டர் சம்மதித்தாரா என்று முதலில் எழுது, டிக்கெட் அப்புறம். இரண்டு நடைக்கம்பு என்னிடம் இருக்கிறது. ஷூவை மட்டும் இப்போதே வாங்கி, தினமும் போட்டு நடந்து பழக்கிவிடு. பளபளவென்று புது ஷூவோடு வந்து இறங்கினாயானால், ரோப் கார் நிலையத்திலேயே உட்காரவைத்துவிட்டு உன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்