மேடையில் சொல்ல விட்டுப்போன நன்றிகள்

எங்கள் ஆசிரியர்களுக்கும், பள்ளி ஊழியர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு மறுநாள் நம் பள்ளி மைதானத்தில் நடந்த எங்கள் பிரிவு உபசார விழாவுக்கு வந்த அனைவருக்கும் முதலில் நன்றி. 2020-ல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இப்போதுதான் பிரிவு விழாவா என்று வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார். ஆமாம் தாத்தா, இப்போதுதான். "பரீட்சை முடியட்டும், நிதானமா வைப்போம்" என்று ஹெச்.எம். சார் அன்றைக்குத் தள்ளி வைத்தார். பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கே விழா!

பந்தல் போட்டவர், மைக் செட் கொடுத்தவர், சாப்பாட்டுச் செலவை ஏற்றவர்கள் என எல்லாருடைய பெயரையும் மேடையில் வாசித்துத் துண்டு போர்த்தினோம். அது முறை, செய்தாகிவிட்டது. ஆனால் நன்றியுரை என் பொறுப்பாக இருந்தது. மைக் என் கைக்கு வருவதற்கும் பிரியாணி அண்டாவைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் பசியோடுதான் இருந்தேன். அங்கே சொல்ல முடியாமல் போனவற்றைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன். பெரும்பாலும் துண்டு போர்த்தப்படாதவர்களைப் பற்றி.

எங்கள் செட்டை 'கஜா கொரோனா செட்' என்று ஊரில் சொல்வார்கள். பிளஸ் ஒன்னில் புயல், பிளஸ் டூ கடைசிப் பரீட்சையில் ஊரடங்கு. "பாவம், இந்தப் பிள்ளைகள் என்னத்தைப் படிச்சிருக்கும்" என்று கல்யாண வீடுகளில் இன்றைக்கும் ஒரு குரல் கேட்கும். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நாங்கள் படித்தோம். படிக்க வைக்க ஆட்கள் இருந்தார்கள்.

2018 ஜூனில் நாங்கள் பிளஸ் ஒன் சேர்ந்தபோதுதான் புதிய பாடத்திட்டம் வந்தது. புத்தகம் பெரிதாக, வழவழப்பாக, பக்கத்துக்குப் பக்கம் படமும் க்யூ.ஆர். கோடுமாக இருந்தது. எங்கள் வகுப்பில் அந்தக் கோடை ஸ்கேன் செய்து பார்க்கும்படியான போன் வைத்திருந்தவர்கள் சிலர்தான். ப்ளூ பிரிண்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வரும் என்று கணக்குப் பார்த்துப் பாதியை விட்டுவிடும் பழைய வித்தை எடுபடாது. போதாததற்கு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு.

கணக்கு டீச்சர், அந்தப் புத்தகம் எங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் புதிது. நீங்கள் அதை மறைக்கவே இல்லை. "இந்தக் கணக்கு எனக்கே நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வந்துச்சு, உங்களுக்கு உடனே வரலைன்னா பரவாயில்லை" என்று போர்டில் எழுதிக்கொண்டே சொன்னீர்கள். நான் பி.எட். படிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் முன்னால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை டீச்சர்.

அந்த நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை கஜா கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் தென்னையை நம்பித்தான் பள்ளிக் கட்டணம், கல்யாணம், வைத்தியம் எல்லாம். புதிதாக ஒரு கன்று வைத்தால் காய்க்கவே ஐந்தாறு வருடம் ஆகும். ஒரே இரவில் தோப்பு தோப்பாகச் சாய்ந்தபோது மரம் மட்டும் போகவில்லை. இன்னும் பல வருடத்து வருமானமும் சேர்ந்து போனது. பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடலாமா என்ற பேச்சு அந்த வாரமே பல வீடுகளில் வந்துவிட்டது. வேதனையில் வந்த பேச்சுதான், யாரையும் குற்றம் சொல்லவில்லை.

பி.டி. சார், உங்களை விழாவில் எல்லாரும் 'விசில் சார்' என்று கேலி செய்து சிரித்தோம். புயலுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நீங்கள் பஸ் ஏறிப் போய் அவன் தங்கியிருந்த அறையைத் தேடிப் பிடித்தீர்கள். திட்டவில்லையாம். கூட உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டுவிட்டு, "பரீட்சையை எழுதிட்டு வந்து வேலை பாரு, கம்பெனி எங்கேயும் ஓடிப்போகாது" என்று மட்டும் சொன்னீர்களாம். அவன் திரும்பி வந்தான், இரண்டு பொதுத்தேர்வும் எழுதினான். இப்போது திருப்பூரிலேயே நல்ல நிலையில் இருக்கிறான். அன்றைய பிரியாணியில் பாதிச் செலவு அவனுடையது. தன் பெயரை மேடையில் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டான், அதனால் இங்கேயும் சொல்லவில்லை.

லேப் அண்ணன்! புயலில் ஆய்வகத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே நின்றது. நீங்கள் உங்கள் வீட்டுக் கூரையைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் இங்கே வந்தீர்கள் என்று உங்கள் வீட்டு அக்கா சொன்னார்கள், உங்கள் மேல் கோபத்தோடுதான் சொன்னார்கள். தராசையும் பியூரெட்டுகளையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு, தார்ப்பாயால் மூடி வைத்தீர்கள். லேபிள் நனைந்து எழுத்து அழிந்த பாட்டில்களை வேதியியல் சாரும் நீங்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துப் புது லேபிள் ஒட்டினீர்கள். நாங்கள் பிராக்டிகலில் உப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் அலமாரி முழுவதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த வருடச் செய்முறைத் தேர்வில் எங்களுக்குக் கிடைத்த மார்க்கில் உங்கள் பங்கு ரெக்கார்ட் நோட்டில் எங்கேயும் எழுதப்படவில்லை.

வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த மின்வாரிய ஊழியர்களுக்கு நாங்கள் யாரும் முகவரி பார்த்து நன்றி எழுத முடியாது. அவர்கள் பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு குழு நம் பள்ளி வகுப்பறைகளில்தான் தங்கியது. வண்டி போகாத வயல் சேற்றில் மின்கம்பத்தைத் தோளில் வைத்துச் சுமந்து போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, நாங்கள் மெழுகுவத்தி வைத்துப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்களில் ஒருவர் தன் டார்ச் லைட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கரெண்ட் வந்த அன்று தெரு முழுக்கக் கூச்சல். அவர்கள் அப்போது அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கமோ பாலக்காட்டுப் பக்கமோ இதை யாராவது வாசித்து, அந்தக் குழுவில் இருந்தவர்களைத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்: அந்த டார்ச் இன்னும் எரிகிறது.

சத்துணவு அக்காவுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் சத்துணவு. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கிடையாது. வயது கூடினால் பசி குறைந்துவிடும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. புயலுக்குப் பிறகு பல பேர் டிபன் பாக்ஸ் இல்லாமல்தான் வந்தோம், ஆனால் கொண்டு வந்த மாதிரி நடித்தோம். அக்கா அந்த நடிப்பையெல்லாம் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் "பாத்திரம் கழுவ ஆள் வேணும், பெரிய பிள்ளைகள் வாங்க" என்று கூப்பிடுவார்கள். போனால் கழுவ ஒன்றும் இருக்காது. சாம்பார் சாதம் இருக்கும். இதை எழுதலாமா என்று யோசித்தேன். அக்கா ஓய்வு பெற்றுவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். விழாவுக்குக் கூப்பிட்டோம், வந்தார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வரச் சொன்னதற்கு "பந்தி எப்படிப் போகுதுன்னு இங்கேருந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார்கள்.

மாலைச் சிறப்பு வகுப்புக்குச் சுண்டல் கொடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகம், இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்ட வாட்ச்மேன் தாத்தா, ஒன் மார்க் கேள்விகளைப் பாதிக் காசுக்கு ஜெராக்ஸ் போட்டுத் தந்த பஸ் ஸ்டாப் கடைக்காரர் எல்லாருக்கும் நன்றி. தமிழ் ஐயாவுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இதில் சேர்த்தால் பிழை திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயம் வேறு.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை, 2020 மார்ச் 24. வேதியியல் பரீட்சை, எங்களுக்குக் கடைசி. ஞாயிற்றுக்கிழமைதான் மக்கள் ஊரடங்கு என்று ஊரே அடங்கிக் கிடந்தது. இன்னும் என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நம் பள்ளி தேர்வு மையம் இல்லை, பேராவூரணிக்குப் போகவேண்டும். வழக்கமாகப் போகும் பஸ் அன்றைக்கு வரவில்லை. ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிழற்குடையில் நின்றோம். சிலர் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தேங்காய் ஏற்றும் குட்டியானை வந்து நின்றது. டிரைவர் அண்ணன் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் கிடந்த சாக்கை இறக்கிக் கடைத் திண்ணையில் போட்டார். "ஏறுங்க" என்றார். எத்தனை பேர், என்ன பரீட்சை, யார் வீட்டுப் பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை. வேதியியல் சார் தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பின்னாலேயே வந்தார். வண்டி ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்தில் வந்து, "கன்னிசாரோ வினை எந்த ஆல்டிஹைடுக்கு வரும்?" என்று கத்தினார். "ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாததுக்கு சார்!" என்று வண்டியே கத்தியது. கேட் கீப்பர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

டிரைவர் அண்ணன், உங்களுக்குப் பணம் கொடுக்க வந்தோம். "வண்டி எப்படியும் காலியாத்தான் போச்சு" என்றீர்கள். பொய். அந்தச் சாக்குகளை வைத்துக்கொண்டு நீங்கள் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள், நாங்கள் பார்த்தோம்.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் இங்க் தெளிப்பது, சட்டையில் கையெழுத்து வாங்குவது எதுவும் இல்லை. "கூட்டம் போடாதீங்க, நேரா வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார்கள். அன்றிரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவித்தார்கள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் "வரேன்டி" என்று சொன்னதோடு சரி. அவள் இப்போது தஞ்சாவூரில் நர்ஸ். விழாவில் பார்த்தபோது இருவரும் முதலில் பேசியது அந்த நாளைப் பற்றித்தான் என்று நினைத்தால், இல்லை. அவளிடம் நான் கொடுத்திருந்த லாக் டேபிள் புத்தகத்தைப் பற்றி.

அந்த நாளில் வர முடியாமல் போனவர்களும் உண்டு. மாநிலம் முழுக்க 34,000-க்கும் மேற்பட்டவர்கள் அன்றைய பரீட்சையை எழுதவில்லை. அதில் கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் நண்பர்கள் இரண்டு பேர். ஜூலை 16-ல் எங்களுக்கெல்லாம் ரிசல்ட் வந்தபோது அவர்களுக்கு ஒரு பாடம் பாக்கி. ஜூலை 27-ல் மறுதேர்வு என்றார்கள். நான்கு மாதம் புத்தகத்தைத் தொடாமல் அப்பாவோடு படகில் போய்க்கொண்டிருந்த பையன்களைத் திரும்பப் படிக்க வைப்பது லேசான காரியமா? பாட்டனி டீச்சர், உங்கள் பாடமே இல்லை அது. ஆனால் தினமும் ராத்திரி போன் செய்து கேள்வி கேட்டது நீங்கள்தான். வேதியியல் சாருக்கு அப்போது காய்ச்சல் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் பாஸ்.

டி.சி. கொடுத்த நாளையும் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, ஆளுக்கொரு வட்டத்தில் முகக்கவசத்தோடு நின்றோம். கிளார்க் சார் ஒவ்வொருவரின் இனிஷியலையும் பிறந்த தேதியையும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்த பிறகே கையில் கொடுத்தார். எரிச்சலாக இருந்தது. கல்லூரி அட்மிஷனில் மற்றவர்கள் திருத்தத்துக்காக அலைந்தபோது நாங்கள் ஒருவர்கூட அலையவில்லை. அந்த எரிச்சலுக்கும் சேர்த்து நன்றி சார்.

கணக்கு வழக்கு: விழாவில் மிஞ்சிய பணத்தில் ஆய்வகத்துக்குப் பியூரெட்டும் பிப்பெட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். ரசீது ஹெச்.எம். அறையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குரூப் போட்டோ பிரதிகள் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடையில் இருக்கின்றன. இன்னும் வாங்காதவர்கள் போய் வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவர் அண்ணனுக்கென்று பெயர் எழுதி வைத்த பிரதியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவர் தயவுசெய்து கடையிலேயே திருப்பி வைத்துவிடவும்.

அன்புடன்,
2018–20 பிளஸ் டூ மாணவ மாணவிகள் சார்பில்,
நன்றியுரை முடிக்காத மாணவி